ஏவலாளைக் கொன்ற கதை

நம் விடுதியிலே ஒரு கைம்மருந்து வழங்கி வருகிறது. லினக்ஸ் வைத்திருக்கும் எவருக்கேனும் இணையம் அறுந்து அறுந்து வந்தால், மூத்த மாணவர் ஒருவர் வருவார். விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார். இரண்டு மூன்று வரி தட்டுவார். "நெட்வொர்க் மேனேஜரை நிறுத்திவிட்டேன், முகவரியைக் கையால் எழுதிவிட்டேன், இனித் தொல்லை இல்லை" என்று கூறி எழுந்துவிடுவார். அவருக்கு ஒரு தேநீர் கிடைக்கும்.

அந்த மருந்தை நானும் கொடுத்திருக்கிறேன். பலருக்குக் கொடுத்திருக்கிறேன். தேநீரும் குடித்திருக்கிறேன். இனிக் கொடுக்கப்போவதில்லை. நீங்களும் கொடுக்கலாகாது என்று கேட்டுக்கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

கணிப்பொறித் துறை சாராத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். திரையில் நாம் காணும் நிரல்கள் சில. கண்ணுக்குத் தெரியாமல் பின்னே நின்று ஓயாமல் உழைப்பவை பல. பின்னே நிற்பவற்றை 'டீமன்' என்பர். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'புராஜெக்ட் மேக்' குழுவினர் இப்பெயரை வழங்கத் தொடங்கினார்கள். இயற்பியலறிஞர் மாக்ஸ்வெல் ஒரு கற்பனைச் சோதனையில் வாயிற்கதவருகே காவல் நிறுத்திய குட்டிப் பூதத்தை நினைந்து இட்ட பெயர் என்று, அக்குழுவில் இருந்த கார்பட்டோ பின்னாளில் கூறினார். இதற்குத் தமிழ் என்ன என்று நம் மன்றத்தில் கேட்டால் பொழுது விடிந்துவிடும்! எனக்குப் 'பூதம்' என்பதே போதும். புகார் நகரத்துச் சதுக்கத்தில் பூதம் நின்றதைப் படித்தவர்களுக்கு அச்சொல் அயலாகத் தோன்றாது.

நெட்வொர்க் மேனேஜர் அத்தகைய ஒரு பூதம். அது செய்யும் வேலையைக் கேளுங்கள். நீங்கள் கேபிளைச் செருகுகிறீர்கள், இயங்குதளத்தின் கருவகம் அதனை உணர்ந்து செய்தி சொல்கிறது, பூதம் விழித்துக்கொள்கிறது. "எனக்கு ஒரு முகவரி வேண்டும், யாரிடமேனும் உண்டா?" என்று வலையெங்கும் கூவுகிறது. வலையின் முகவரி வழங்கி "இதோ ஒன்று" என்கிறது. "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறது பூதம். "சரி, உனக்கே" என்று விடை வருகிறது. இந்த நான்கு பேச்சுத்தான் டி.எச்.சி.பி. என்னும் முறை. 1993இல் வகுத்து, 1997இல் செப்பம் செய்தார்கள். கிடைப்பது சொந்த வீடு அன்று, வாடகை வீடு. தவணையில் பாதி கழிந்ததும் புதுப்பிக்கக் கேட்க வேண்டும். அதையும் பூதமே கேட்டுக்கொள்ளும். பிறகு வெளியுலகுக்குச் செல்லும் வழியைக் குறித்து வைக்கும். தளப்பெயர்களை எண்களாக மாற்றித் தருபவர் யார் என்பதையும் குறித்து வைக்கும். கேபிளைப் பிடுங்கி நூலகத்துக்குச் சென்றால், அங்குள்ள வைஃபையைக் கண்டு, பழைய கணக்கை மூடிப் புதுக்கணக்கு எழுதும். இத்தனையும் நாம் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட ஏவலாள்மேல் நமக்கு ஏன் இவ்வளவு கோபம்? காரணம் இல்லாமல் இல்லை. ரெட் ஹேட் நிறுவனத்தார் 2004இல் இதனைத் தொடங்கினார்கள். 1.0 என்னும் பதிப்பு வெளிவந்ததோ 2014 டிசம்பரில். இடைப்பட்ட பத்தாண்டுகளில் அது பட்ட ஏச்சு கொஞ்சமன்று. அப்போது யாரோ நொந்துபோய்க் கண்டுபிடித்த மருந்துதான் 'நிறுத்திவிடு' என்பது. அம்மருந்து மூத்தவரிடமிருந்து இளையவருக்கு, அவரிடமிருந்து அவருக்கும் இளையவருக்கு என்று வழிவழியாக நம் விடுதிக்கும் வந்து சேர்ந்தது. நோய் பெரும்பாலும் போய்விட்டது. மருந்து மட்டும் நிற்கிறது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

வேதியியல் முதுகலை படிக்கும் தம்பி ஒருவன், தென்காசிப் பக்கத்தவன். அறையில் இணையம் அடிக்கடி அறுகிறது என்று வந்தான். நான் சென்றேன். என்ன ஏது என்று பார்க்கவில்லை. பூதத்தை நிறுத்தினேன். கணிப்பொறியை மறுபடி தொடங்கினாலும் அது எழாதபடி தடையும் செய்தேன். அன்றைக்கு அவனுக்கு வாய்த்திருந்த எண்ணையே கோப்பில் நிலையாக எழுதினேன். இணையம் அறாமல் ஓடிற்று. "அண்ணே, ரொம்ப நன்றிண்ணே" என்றான். எனக்குப் பெருமை தாளவில்லை.

மூன்று வாரம் சென்றது. ஓர் ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்ட இடத்துக்கு அவனுக்கு நேர்காணல். இணைய வழியே, காலை 10 மணிக்கு. முந்தின இரவே விடுதியில் மின்சாரம் போயிற்று. அவன் கவலைப்படவில்லை. 9 மணிக்கே நூலகத்துக்குச் சென்று மடிக்கணிப்பொறியைத் திறந்தான். வைஃபை அடையாளமே திரையில் இல்லை. தேடித் தேடிப் பார்த்தான். மூன்று முறை அணைத்து ஏற்றினான். பக்கத்தில் இருந்த மாணவி தம் கைப்பேசியைக் கம்பியால் இணைத்துக் கொடுத்துப் பார்த்தார். அந்த இணைப்புக்கும் முகவரி வாங்கித் தர வேண்டியது அதே பூதந்தானே? அதைத்தான் நான் கொன்றுவிட்டேனே! எனக்கு நான்கு முறை தொலைபேசினான். நான் ஆய்வகத்தில் இருந்தேன். பேசியை அணைத்து வைத்திருந்தேன். அவன் வேறொருவரின் கணிப்பொறியைக் கெஞ்சி வாங்கி உள்ளே நுழைந்தபோது மணி 10.40. அவன் முறை போய்விட்டது. மறுபடி அழைக்கவில்லை.

அன்று மாலை அவன் கணிப்பொறியின் குறிப்பேட்டைப் புரட்டினேன். மூன்று வாரத்துக்கு முன்பே புரட்டியிருக்க வேண்டும். பூதம் ஒவ்வொரு நாளும், மணி நிமிடம் நொடியோடு எழுதி வைத்திருந்தது: கேபிள் தொடர்பு அற்றது, மீண்டும் வந்தது, அற்றது, வந்தது. குனிந்து சுவர் ஓரத்தில் பார்த்தேன். கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்திருந்தது. நாற்காலி நகரும்போதெல்லாம் கேபிள் கழன்று கழன்று ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பூதம் முறைப்படி முகவரி வாங்கத் தொடங்க, சிறிது நேரம் பிடித்திருக்கிறது. நான் எழுதிய நிலையான எண்ணோ, கேபிள் கழன்றாலும் அப்படியே இருந்தது. அதனால் நோய் தீர்ந்ததுபோல் தோன்றிற்று. தகவல் சொன்னவனைக் கொன்றேன், கேபிளை விட்டுவிட்டேன்.

இன்னொரு கூத்தும் உண்டு. நான் நிலையாக எழுதிய எண், வாடகைத் தவணை முடிந்ததும் எதிர் வரிசையில் ஒருவருக்கு வழங்கப்பட்டிருக்கிறது. ஒரே எண்ணில் இரண்டு கணிப்பொறிகள்! அவர் இரண்டு வாரமாய்ப் பல்கலைக்கழகத்தின் வலையைத் திட்டிக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்து திட்டினேன்.

"என் கணிப்பொறியில் நான் சொல்வதுதான் நடக்க வேண்டும், கேளாமலே ஒன்று முடிவெடுப்பதா?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஓரிடத்தில் நிலையாக நிற்கும் சர்வருக்குக் கையால் எழுதுவது தக்கதே. அங்கே எழுதுகிறவரும் காப்பவரும் ஒருவர். நம் மடிக்கணிப்பொறியோ காலையில் வகுப்பு, பகலில் உணவுக்கூடம், மாலையில் நூலகம் என்று நம்மோடு அலைகிறது. மேலும், பூதம் ஒளித்து எதையும் செய்யவில்லை. உபுண்டுவில் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைத் திறந்து பாருங்கள். இன்ன சேவை இதனை மேலாண்மை செய்கிறது, திருத்த வேண்டா என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படியாமல் அதன் கீழேயே திருத்திவிட்டு, நாம் எழுதியது மறைந்துவிட்டது என்று கூச்சலிடுகிறோம். விருப்பத்தைச் சொல்ல வேண்டிய இடம் அதன் அமைப்புப் பலகை. நிலையான முகவரியே வேண்டுமென்றாலும் அங்கே கொடுக்கலாம். அந்த ஓர் இணைப்புக்கு மட்டும் என்று கொடுக்கலாம். நூலகத்து வைஃபைக்கு அதனால் ஊறு நேராது.

என்னை வருத்துவது வேறு. நான் தட்டிய வரிகளின் பொருள் அத்தம்பிக்குத் தெரியாது. என்ன செய்தேன் என்று நான் சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால், நூலகத்தில் ஒரு வரி தட்டிப் பூதத்தை எழுப்பியிருப்பான்.

ஆகவே, இந்த இரண்டு ஆண்டுகளில் என் கையால் மருந்து வாங்கியவர்கள் தயவுசெய்து கணிப்பொறியுடன் என் அறைக்கு வாருங்கள். ஞாயிறு காலை முழுவதும் இருப்பேன். நான் எழுதியதை நீக்கிப் பூதத்தை எழுப்பித் தருகிறேன். என்ன செய்தேன் என்பதையும் தாளில் எழுதித் தருகிறேன். கேபிளையும் மறவாமல் கொண்டுவாருங்கள். தேநீர் என் செலவு.