சாரி கார்டைக் கழற்றுகிறவர்கள்

புது பைக் வாங்கியதும் பையன்கள் முதலில் கழற்றி எறிவது சாரி கார்டைத்தான். பின் சக்கரத்தின் இடப்பக்கம் இருக்கும் அந்தக் கம்பித் தடுப்புக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 123: பின்னால் உட்காருபவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், உடுத்திய துணி சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும். விதியில் சேலை என்று இல்லை. அதற்குச் சாரி கார்டு என்று பெயர் வைத்தது ஊர். வண்டியில் பெண்ணின் இடம் எது என்ற தீர்ப்பு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பின்னிருக்கைக்குக் கிடைத்த இத்தனூண்டு பாதுகாப்பையும் “லுக்கு கெட்டுப்போகுது” என்று கழற்றிவிடுகிறான் மகன். மெக்கானிக்கும் ஏன் என்று கேட்பதில்லை. அதே வண்டியில்தான் நாளைக்கு அவன் அம்மா முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போவாள்.

அந்த மகனுக்கு இந்த ‘லுக்கை’க் கற்றுக்கொடுத்தவர்களைப் பற்றிப் பேசவேண்டும். முன்பு அவர்கள் தொலைக்காட்சியில் வந்தார்கள். இப்போது யூடியூபில் வருகிறார்கள். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி வண்டியை மரணத்தின் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்புவது இவர்கள் தொழில்.

2023 செப்டம்பர் 17. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் மாவட்டம் தாமல் அருகே, டி.டி.எஃப். வாசன் தன் ஹயபுசாவின் முன் சக்கரத்தைத் தூக்கினார். 1340 சிசி வண்டி. சாலையைவிட்டுத் தூக்கியெறியப்பட்டார், கை முறிந்தது. இரண்டு நாளில் கைது. அக்டோபரில் உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தபோது நீதிபதி சி.வி. கார்த்திகேயன், அவருடைய யூடியூப் சேனலை மூடிவிட வேண்டும், பைக்கை எரித்துவிட வேண்டும் என்றார். ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுக்கு, 2033 அக்டோபர் 5 வரைக்கும், நிறுத்தப்பட்டது. நவம்பரில் ஜாமீன் கிடைத்து வெளியே வந்தார். 2024 மே மாதம் மதுரையில் செல்பேசியில் பேசிக்கொண்டே கார் ஓட்டியதாக மறுபடி கைதானார்.

பைக்கை எரித்து என்ன ஆகப்போகிறது? எரியவேண்டியது இரும்பு இல்லை. அந்த ஆண்டுதான் அவரைக் கதாநாயகனாக வைத்து ஒரு படம் அறிவித்தார்கள். படத்தின் பெயர் ‘மஞ்சள் வீரன்’. பிறகு படம் அவர் கையைவிட்டுப் போனது வேறு கதை. ‘வீரன்’ என்ற சொல் யோசனை இல்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டதைப் பாருங்கள். யாரிடமிருந்து எதைக் காத்தார் இந்த வீரர்? எந்த எதிரியோடு நின்றார்?

அதற்கு முந்தைய ஆண்டு, ஜி.பி. முத்துவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கோவையில் பறந்த காணொலிக்காகப் போத்தனூர் போலீசார் வாசன்மேல் வழக்குப் போட்டார்கள். அந்தக் காணொலியை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும்: அதன் சுவை வேகத்தில் இல்லை, பின்னால் இருப்பவர் மிரளுவதில் இருக்கிறது. பின்னிருக்கையின் பயம்தான் முன்னிருக்கையின் வீரத்துக்குச் சான்றிதழ். பெண்களுக்கு இது புது அனுபவமா? “மெதுவாப் போடா” என்று தோளைப் பிடித்தால் இன்னும் முறுக்குகிற தம்பியை, அண்ணனை, கணவனை அறியாதவர் யார்? பயந்தால் சிரிப்பான், கோபப்பட்டால் “எறங்கி நடந்து வா” என்பான்.

தமிழ் படித்தவள் என்பதால் பழையதையும் சொல்லியாகவேண்டும். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவும் களத்தில் பெண்கள் பரண்மேல் நின்று பார்க்கிறார்கள். காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை அடுத்த பிறவியிலும் தழுவமாட்டாள் ஆயர்மகள் என்கிறது பாட்டு. புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய், முன்னமே தகப்பனையும் கணவனையும் போரில் இழந்தவள். பறைச்சத்தம் கேட்டதும் ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவிச் சீவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். இதற்கு மூதின் முல்லை என்று துறையும் வகுத்துவைத்தார்கள். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் மாணவிகள் அமைதியாகிவிடுகிறார்கள். ஆணின் உயிரைப் பணயமாக வைக்கும் ஆட்டத்தில் பெண்ணுக்கு இரண்டு வேலை: பார்த்து வியப்பது, அனுப்பிவைத்துவிட்டு அழாமல் இருப்பது. பரணின் இடத்தில் இன்று செல்பேசித் திரை. மற்றபடி அமைப்பு அப்படியே இருக்கிறது. ஆயர்கள் தழுவிய காளைக்காவது ஒரு களம் இருந்தது, வேலி இருந்தது என்று அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் சொல்லலாம்.

களம் என்றதும் பிபிசியின் ‘டாப் கியர்’ ஞாபகம் வருகிறது. 2006 செப்டம்பர் 20இல் யார்க் நகருக்கு அருகே எல்விங்டன் விமானத்தளத்தில் ரிச்சர்ட் ஹேமண்ட் என்ற தொகுப்பாளர் ஜெட் எஞ்சின் பொருத்திய காரை மணிக்கு 460 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியபோது டயர் வெடித்துக் கவிழ்ந்தது. மூளையில் காயம். பிழைத்து, அடுத்த ஜனவரியில் நிகழ்ச்சிக்குத் திரும்பினார்; விபத்துக் காட்சியும் ஒளிபரப்பானது. தன் கதையை அவர் நூலாக எழுதியபோது, நினைவிழந்து கிடந்த நாட்களை மனைவி மிண்டிதான் எழுதவேண்டியிருந்தது. சாகசத்தின் அந்த அத்தியாயங்கள் எப்போதும் மனைவிமார் எழுதவேண்டியவை, பெரும்பாலும் அச்சாவதில்லை. அதே நிகழ்ச்சியில் 2022 டிசம்பரில் கிரிக்கெட் வீரர் ஆண்ட்ரூ ஃப்ளின்டாஃப் ஓட்டிய கார் கவிழ்ந்து முகம் சிதைந்தது. 90 லட்சம் பவுண்டு இழப்பீடு என்று செய்தி வந்தது. 2023இல் நிகழ்ச்சியை பிபிசி நிறுத்திவைத்தது. பூட்டிய விமானத்தளம், பக்கத்தில் ஆம்புலன்ஸ், பின்னால் ஒரு பெருநிறுவனத்தின் பணம். இத்தனை இருந்தும் உடைந்தவை உடைந்தன.

நம் பிள்ளைகள் நகலெடுப்பது அந்த ஆட்டத்தை, அந்த வேலி இல்லாமல். 2023 மே மாதம் டேராடூன் யூடியூபர் அகஸ்தியா சௌகான் யமுனா விரைவுச்சாலையில் 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொடப் பார்த்துத் தடுப்பில் மோதி இறந்துபோனார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்.

அப்படியானால் ஆபத்தே பெண்ணுக்கு வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஆபத்தையும் ஆண்கள் பட்டா போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதே என் புகார். கிட்டி ஓ’நீலின் கதையைக் கேளுங்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே நோயில் செவித்திறன் இழந்தவர். ஹாலிவுட்டில் சண்டைக் கலைஞர். 1976 டிசம்பரில் அமெரிக்காவின் ஆல்வார்ட் பாலைவனத்தில் மூன்று சக்கர ராக்கெட் வண்டியை மணிக்கு 825 கிலோமீட்டரில் ஓட்டினார். இன்னும் போயிருப்பார், விடவில்லை. பெண்கள் சாதனையை மட்டும்தான் அவர் முறியடிக்கலாம், ஆண்கள் சாதனை ஹால் நீடம் என்ற ஆணுக்கு ஒதுக்கப்பட்டது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. வண்டியைவிட்டு இறக்கப்பட்டார். நீடம் அந்தச் சாதனையைச் செய்யவே இல்லை. முடியாதவனுக்காக, முடிந்தவளை நிறுத்திவைத்தார்கள்.

நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து அதே பாலைவனத்தில் ஜெஸ்ஸி கோம்ப்ஸ் வந்தார். வாகனங்களைப் பழுதுபார்ப்பது, பிரித்துப் பூட்டுவது பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் தொகுப்பாளர். வெல்டிங் வேலை தெரிந்தவர். 2019 ஆகஸ்ட் 27இல் கிட்டியின் சாதனையைத் தாண்டினார், மணிக்கு 841 கிலோமீட்டர். அந்த ஓட்டத்திலேயே முன் சக்கரம் பழுதாகி இறந்தார். வயது 39. மறு ஆண்டு கின்னஸ் அதைப் பதிவுசெய்தது. இந்தச் சாவை விடுதலை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன்: ஜெஸ்ஸி தன் உயிரை வைத்தது ஆளில்லாத வறண்ட ஏரிப்படுகையில். எதிரே டியூஷன் முடித்துச் சைக்கிளில் வரும் சிறுமி யாரும் அங்கே இல்லை.

எங்கள் பக்கத்துச் சாலையில் இருக்கிறாள். சென்னை–திருச்சி நான்குவழிச்சாலை பெரம்பலூர் மாவட்டத்தை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தலைக்கவசத்தில் கேமரா வைத்த கூட்டங்கள் வரிசையாகப் போகும். சத்தம் மட்டும் முதலில் வரும். அதே நேரம் பாடாலூர்ப் பக்கமோ சிறுவாச்சூர்ப் பக்கமோ பெண்கள் சாலை கடக்க நிற்பார்கள். மக்காச்சோளக் கொல்லையில் களையெடுக்க, சின்ன வெங்காயம் பிடுங்க, குட்டியானையில் இருபது பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நின்றுகொண்டு போகிறவர்கள். அந்த வண்டி கவிழ்ந்தால் செய்தித்தாளில் நான்கு வரி வரும். ஒவ்வொரு நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க் கூலி வாங்கி வருகிறார்களே, இவர்களை வீராங்கனை என்று எவராவது சொல்லியிருக்கிறார்களா?

அரியலூர் பக்கம் போனால் சிமென்ட் ஆலைகள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் இரவு பகலாக ஓடுகின்றன. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஓடும் ஓட்டுநரின் வேகம் வேறு, லைக்குக்காக முறுக்குபவனின் வேகம் வேறு. முன்னதில் பசி இருக்கிறது, முதலாளி இருக்கிறார். அந்தப் புழுதிக்குள் துப்பட்டாவை முகத்தில் இறுக்கிக் கட்டி ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும் செவிலியர்களும் ஆசிரியைகளும் இருக்கிறார்கள். அரியலூர் என்ற பெயர் விபத்தோடு சேர்ந்து நாட்டின் வரலாற்றில் ஏறிய ஊர். 1956 நவம்பர் 23 ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இன்று சாலையில் சாகிறவர்களுக்கு யார் பொறுப்பேற்கிறார்கள்? 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மத்திய அரசின் கணக்கு இது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். இறந்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் ஆண்கள். இதைப் படித்துவிட்டு “பார்த்தாயா, பாதிக்கப்படுவதும் நாங்கள்தான்” என்று ஒரு நண்பர் சொன்னார். சரி. பிழைத்துக் கிடப்பவனுக்கு மலச்சட்டி எடுப்பது யார்? மாவுக்கட்டுக் காலத்தில் வேலையை விட்டது யார்? தாலியை அடகு வைத்தது யார்? இறந்துபோனவனின் வண்டிக் கடன் தவணை யார் தலையில் விழுந்தது? அந்தக் கணக்கையும் மத்திய அரசின் அட்டவணையில் ஒரு பத்தியாகச் சேர்க்கட்டும், பிறகு பேசலாம்.

வேகமும் எல்லா ஆணுக்கும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டினான் என்பதற்காகவே தலித் மாணவனின் கைகளை வெட்டினார்கள் என்று குடும்பத்தார் கதறினார்கள். ஒருவன் முன் சக்கரத்தைத் தூக்கினால் பின்தொடர்பவர்கள் பெருகுகிறார்கள். இன்னொருவன் இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, ஒழுங்காக ஓட்டினாலும் அரிவாள் வருகிறது. யாருடைய மீசைக்கு வண்டி அணிகலன், யாருக்கு அது குற்றம் என்பதைச் சாதி முடிவு செய்கிறது.

பெண்களுக்கு எவ்வளவு வேகம் போதும் என்பதற்கு அரசாங்கமும் ஒரு அளவு வைத்திருந்தது. 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். வண்டி 125 சிசிக்கு மேல் போகக்கூடாது. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. வேடிக்கையெல்லாம் பையன்களுக்கு மட்டும்தானா என்று கேட்டு ஸ்கூட்டர் விற்ற விளம்பரத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். 1992 வாக்கில் பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது லட்சம் பேருக்கு மேல் ஏறினார்கள். தெருவில் நின்று கேலி பேசினார்கள் ஆண்கள். விழுந்து முட்டி தேய்ந்தபடி மறுநாளும் வந்தார்கள் பெண்கள். கேமரா இல்லாத அந்தத் துணிச்சலுக்கு முன் ஹயபுசாவெல்லாம் விளையாட்டுச் சாமான்.

என் மாணவி ஒருத்தி சொன்னாள்: “அம்மா, ரோட்டப் பாரு, பசங்க எப்படிப் போறானுங்கன்னு பாரு, நீ ஸ்கூட்டி ஓட்ட வேணாங்கிறார் எங்கப்பா.” அவள் தம்பிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு 200 சிசி வண்டி வந்துவிட்டது. கொஞ்சம் நின்று கவனியுங்கள். தம்பி சாலையை ஆபத்தாக்குகிறான். சாலை ஆபத்தாக இருப்பதால் அக்கா வீட்டில் இருக்கவேண்டும். ஒருவனின் சாகசம் இன்னொருத்தியின் ஊரடங்கு. மாலை ஐந்தரைக்குப் பேருந்தை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு என்பதால் நூலகத்தை விட்டு ஓடுகிறாள். எம்.ஏ. முடித்தால் பக்கத்து ஊர் வேலைக்குக்கூட யாராவது கொண்டுபோய் விடவேண்டும். கொண்டுபோய் விடுகிறவன் கையில் அவள் சம்பளம் போகும்.

வீலிங் செய்கிற பையனைப் பிடித்து அபராதம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மைனர் கையில் வண்டி கொடுக்கும் அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் என்று 2019இலிருந்து சட்டம் இருக்கிறது, அதைத் தூசு தட்டுங்கள். அதோடு சர்வீஸ் ரோட்டில் விளக்குப் போடுங்கள். களையெடுக்கப் போகிறவர்கள் கடக்க இடம் விடுங்கள். பெண்கள் படிக்கும் கல்லூரிகளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகம் வந்து எல்.எல்.ஆர். முகாம் நடத்தட்டும்.

முகாம் வரும் என்று நாங்கள் காத்திருக்கவில்லை. வருகிற வாரம் எங்கள் துறையிலிருந்து பதினோரு பேர் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கிறார்கள். நான்கு பேர் வீட்டில் சொல்லவில்லை. எல்லோரும் பதினெட்டைத் தாண்டியவர்கள். அப்பாவின் கையெழுத்து தேவையில்லை.