'தெரியாத கட்டளை' என்னும் ஒற்றைப் பதில்

காலையில் ஆட்டோகேட்டைத் திறக்கும் வரைவாளர், தாம் அன்றாடம் பயன்படுத்தும் லிஸ்ப் கட்டளையைத் தட்டச்சிடுகிறார். அப்படியொரு கட்டளையே தெரியாது என்கிறது மென்பொருள். நேற்று மாலைவரை இயங்கிய கட்டளை அது. அருகிலிருக்கும் ஒருவர் வந்து 'செக்யூர்லோட்' என்னும் அமைப்பை 0 ஆக்கிவிட்டுப் போகிறார். சில வேளைகளில் கட்டளை மீண்டும் இயங்கிவிடுகிறது. இந்த வைத்தியம் பரவுவதற்குக் காரணமும் அதுதான். இதன் கேடும் அங்கேதான் தொடங்குகிறது.

'தெரியாது' என்னும் ஒரே தொடர் இங்கே நான்கு வெவ்வேறு செய்திகளைச் சுமக்கிறது. எது பொருந்தும் என்று பிரித்தறியாமல் செய்யப்படும் எந்தத் திருத்தமும் குருட்டாம்போக்கே.

முதலாவது, கோப்பு கண்டறியப்படவே இல்லை. தேடல் பாதையில் முதலில் அகப்படும் 'ஏகேட்டாக்.எல்எஸ்பி' கோப்பை மட்டுமே ஆட்டோகேட் தானாக ஏற்றும். அதே பெயரில் இன்னொரு கோப்பு முந்திய கோப்புறையில் வந்து அமர்ந்தால், பழையது ஓசையின்றி விலக்கப்படும். கோப்பின் முகவரியில் ஒற்றைப் பின்சாய்வுக்கோடு இருந்தாலும் பிழையே. முன்சாய்வுக்கோடோ இரட்டைப் பின்சாய்வுக்கோடோ வேண்டும்.

இரண்டாவது, கோப்பு பாதியில் நின்றுபோனது. தொடக்கக் கோப்பில் ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் எஞ்சிய பகுதி முழுவதும் புறக்கணிக்கப்படும். மூடப்படாத ஓர் அடைப்புக்குறியோ, இணையத்திலிருந்து படியெடுத்தபோது ஒட்டிக்கொண்ட வளைந்த மேற்கோள்குறியோ போதும். முன்னால் உள்ள செயற்கூறுகள் இயங்கி, பின்னால் உள்ளவை மட்டும் இயங்காவிட்டால், பழுது அந்த எல்லையில் இருக்கிறது. 'ஆப்லோட்' வழியே கோப்பைக் கையால் ஏற்றி, எஃப்2 விசையை அழுத்தி உரைச்சாளரத்தைப் பார்த்தால் பிழைச்செய்தி தென்படும்.

மூன்றாவது, கோப்பு ஏற்றப்பட்டது. ஆனால் வேறொரு வரைபடத்தில். ஆட்டோலிஸ்ப் செயற்கூறுகள் ஒவ்வொரு வரைபடத்துக்கும் தனித்தனியே உரியவை. 'ஏகேட்.எல்எஸ்பி' இயல்பாக அமர்வின் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஏறும், 'ஏகேட்டாக்.எல்எஸ்பி' ஒவ்வொரு வரைபடத்தோடும் ஏறும். முதல் வரைபடத்தில் இருந்த கட்டளை இரண்டாவதில் காணாமற்போவது பெரும்பாலும் இதனால்தான்.

நான்காவது, பாதுகாப்பு வாயில் தடுத்துவிட்டது. செக்யூர்லோட் 1 ஆக இருந்தால், நம்பகமான கோப்புறைகளுக்கு வெளியிலுள்ள நிரலை ஏற்றுமுன் மென்பொருள் கேட்கும். 2 ஆக இருந்தால் வெளியிலுள்ளதை ஏற்றவே ஏற்றாது. 0 என்றால் கேள்வியே இல்லை. அமைப்பை 0 ஆக்குவது இந்த நான்காம் காரணத்தை மட்டுமே தொடுகிறது. மற்ற மூன்றில் ஒன்றுதான் உண்மைக் காரணம் என்றால், பழுது அப்படியே இருக்க, கதவு மட்டும் திறந்து கிடக்கும்.

அக்கதவின் வழியே எது நுழையும் என்பதற்குச் சான்று உண்டு. 2012இல் ஈசெட் நிறுவனம் அறிவித்த 'மெட்ரே' என்னும் புழு, ஆட்டோலிஸ்பிலேயே எழுதப்பட்டது. வரைபடங்களோடு ஒரே கோப்புறையில் கிடந்து, தானாக ஏறும் இதே தொடக்க ஏற்பாட்டைப் பயன்படுத்தி, பெரு நாட்டில் பல்லாயிரக்கணக்கான வரைபடங்களைச் சீனாவிலுள்ள மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பியது. ஒரு நிறுவனத்தின் பல மாத உழைப்பு இப்படித்தான் களவுபோகிறது.

மாலைக்குள் படம் போக வேண்டிய அவசரத்தில் ஆராய்ச்சிக்கு நேரமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குறிப்பிட்ட கோப்புறையை 'டிரஸ்டட்பாத்ஸ்' பட்டியலில் சேர்க்கச் சில நிமிடங்களே ஆகும். அக்கோப்புறையில் எழுதும் உரிமை ஓரிருவரிடம் மட்டும் இருந்தால் போதும்.

இன்னொரு எளிய வழக்கமும் வேண்டும். ஒவ்வொரு லிஸ்ப் கோப்பின் கடைசியிலும், 'இக்கோப்பு முழுதும் ஏறியது' என்று திரையில் அச்சிடும் ஒரு வரியை எழுதிவைக்கலாம். அவ்வரி தோன்றினால் முதல் இரண்டு காரணங்களும் நான்காவதும் அக்கணமே நீங்கும். தோன்றாவிட்டால் தேட வேண்டிய இடம் தெரியும். வாயிலைத் திறந்துபோடுவதற்கு முன் எழுத வேண்டிய வரி அது.