திறந்து பார்க்காமலே "பம்ப் போச்சு" என்கிறார்கள்!



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நுவரெலியாவில் என் மச்சான் சின்ன விடுதி ஒன்று நடத்துகிறார். ஏப்ரல் சீசனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அங்கே டிஷ்வொஷர் நின்றுவிட்டது. அழுக்குத் தண்ணீர் அடியில் தேங்கி நிற்கிறது, வெளியே போகவில்லை. பார்க்க வந்தவர் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை. "பம்ப் போச்சு. சாமான் கிடைக்காது. புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டு, வந்த காசையும் வாங்கிக்கொண்டு போனார்.

அப்போதுதான் ஹட்டன் பக்கம் லயத்தில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான். அவனுடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தம்பி வந்து முதலில் பிளக்கைக் கழற்றினான். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது என்றான். தண்ணீரை அள்ளி ஊற்றினான். வடிகட்டியை எடுத்தான். அடியில் இருந்த சின்ன மூடியைக் கழற்றி, பம்பின் சக்கரத்தைக் குச்சியால் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. குறட்டால் இழுத்தான், நகமளவு கண்ணாடித் துண்டு வந்தது! பிறகு சக்கரம் திரும்பியது. மல்டிமீட்டரை வைத்து, கொயில் அறுந்துபோகவில்லை என்பதையும் உறுதிப்படுத்தினான். எல்லாமே அரைமணி நேரத்துக்குள்.

"சேர், பம்ப் சாகல. தொண்டையில முள்ளு சிக்கியிருந்திச்சு."

இந்தப் பிள்ளை ஓ.எல். கணிதத்தில் சித்தியடையவில்லை. அவனுடைய முன்னேற்ற அறிக்கையில் "கவனம் போதாது" என்று எழுதியவன் நான்தான். கவனம் அவனிடம் இருந்தது. அதை அளக்க என்னிடம்தான் கருவி இருக்கவில்லை. இப்போது அவன் வெளிநாடு போக பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மெஷினில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று தண்ணீரைச் சுழற்றிப் பீய்ச்சுவது, மற்றது அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளுவது. பெரும்பாலான மெஷின்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பம்ப். தண்ணீர் தேங்கி நின்றால் முதலில் வடிகட்டி, குழாய், வெளியேற்றும் பம்ப் மூன்றையும் பார்க்க வேண்டும். எலும்புத் துண்டு, தேசிக்காய் விதை, போத்தல் லேபல் எது வேண்டுமானாலும் சிக்கலாம். வாஷிங் மெஷினிலும் இதே கதைதான், அங்கே சட்டைப் பொத்தானும் சில்லறைக் காசும். மழை நாளில் நம் குழாயில் மண்ணும் மணலும் கலந்து வருவது எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் உள்ளே வரும் குழாயின் வடிகட்டியை எத்தனை பேர் கழுவியிருக்கிறோம்?

பாஸ்மாரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கண்ணாடித் துண்டை எடுத்துக் கொடுத்தவருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்க முணுமுணுக்கிறோம். புதுப் பம்ப் போட்டவருக்குப் பேசாமல் பல்லாயிரம் கொடுக்கிறோம். சாமானுக்குக் காசு கொடுப்போம், அறிவுக்குக் கொடுக்கமாட்டோம் என்றால் அவர் ஏன் உண்மையைச் சொல்லப் போகிறார்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் சட்டம் இருக்கிறது. டிஷ்வொஷரின் பம்ப், மோட்டார் போன்றவற்றை, அந்த மாடல் விற்பனைக்கு வருவது நின்ற பிறகும் குறைந்தது 7 வருடங்களுக்குத் திருத்துபவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வடிகட்டி, கதவு ரப்பர் போன்றவற்றை 10 வருடங்களுக்குப் பாவனையாளருக்கே கொடுக்க வேண்டும். நம் நாட்டில் 2003இன் பாவனையாளர் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. இப்படியொரு உரிமையை நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

2022ஐ அதற்குள் மறந்துவிட்டோம். சில மாதங்களில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. புதுசு வாங்க வழியில்லாமல் எல்லாவற்றையும் திருத்தினோம். இப்போது கையில் கொஞ்சம் காசு புழங்கியதும் மறுபடி தவணைக்குப் புதுசு.

வீண்விரயம் ஹராம் என்று ஜும்ஆவில் கேட்கிறோம். அது சோற்றுக்கு மட்டும்தானா? நபி (ஸல்) அவர்கள் தங்கள் செருப்பைத் தாங்களே தைத்தார்கள், கிழிந்த உடையைத் தாங்களே ஒட்டுப்போட்டார்கள் என்று ஹதீஸில் படிக்கிறோம். நாம் திருத்துகிற பிள்ளையை "படிப்பு ஏறாதவன்" என்கிறோம்.

மூன்று விஷயம் கேட்கிறேன். மெஷின் வாங்கும்போது "பம்ப் தனியாகக் கிடைக்குமா?" என்று கடையில் கேளுங்கள். திறந்து பார்த்து உண்மை சொல்பவருக்கு, சாமான் மாற்றாவிட்டாலும் நியாயமான கூலி கொடுங்கள். பள்ளிவாசலோ கோயிலோ சேர்ச்சோ, மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு மண்டபம் தாருங்கள். ஒரு மேசை, ஒரு மல்டிமீட்டர், ட்ரிப் சுவிட்ச் உள்ள ஒரு பிளக் போதும். பிள்ளைகளை நான் கூட்டி வருகிறேன். கற்றுக் கொடுக்க அந்தத் தம்பியைக் கேட்டிருக்கிறேன்.

அவன் விமானம் ஏறுவதற்கு முன் பதில் சொல்லுங்கள்.