எந்தப் பாஷையில் முதல் பாடம்?

இக்காலத்துப் பெற்றோரைப் பிடித்தாட்டும் கவலைகளில், மூன்று வயதுக் குழந்தையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதும் ஒன்று. கல்யாணக் கவலையாவது இருபது வருஷத்துக்கு அப்பால் இருக்கிறது. இதுவோ விஜயதசமிக்குள் தீர்மானமாகியாக வேண்டும்! ஒரு பள்ளியில், வாசற்படி தாண்டினால் இங்கிலீஷைத் தவிர வேறு பேச்சே கூடாது. மற்றொன்றில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் வழங்குகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் ரகப் பள்ளியின் பலன் சீக்கிரமே கண்ணுக்குத் தெரியும். "நோஸ் எங்கே?" என்று கேட்டால் குழந்தை தொட்டுக் காட்டும். வந்த விருந்தாளி ஆச்சரியப்படுவார்; தகப்பனார் பூரித்துப்போவார். ஆனால் அந்த வயதில் மூக்குக்கு இன்னொரு பெயர் தெரிவது பெரிதா, அல்லது "நேற்று வந்த நிலா இன்று ஏன் வரவில்லை?" என்று கேட்கத் தெரிவது பெரிதா? இரண்டாவதற்கு, நினைத்ததைத் தடையின்றிச் சொல்ல ஒரு பாஷை வேண்டும். நம் குழந்தைக்கு அது வீட்டிலே பேசும் பாஷைதான்.

இங்கிலீஷ் வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. உயர்தரப் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் அது இன்றும் வேண்டியிருக்கிறது. கேள்வியெல்லாம், அதை எந்த வழியாகக் கொடுப்பது என்பதே.

'இங்கிலீஷ் மட்டும்' என்ற கட்சிக்குக் கானடா தேசத்தைச் சாட்சிக்கு அழைப்பதுண்டு. 1965-ம் வருஷம் மாண்ட்ரீல் நகரை அடுத்த செயின்ட் லாம்பர்ட் என்னுமிடத்தில், இங்கிலீஷ் பேசும் குழந்தைகளுக்குச் சிசு வகுப்பிலிருந்தே பிரெஞ்சு பாஷையில் போதிக்கத் தொடங்கினார்கள். குழந்தைகள் பிரெஞ்சில் நல்ல தேர்ச்சி பெற்றார்கள். தாய்மொழிக்கும் பங்கம் விளையவில்லை. வாஸ்தவந்தான். ஆனால் அங்கே உபாத்தியாயினிக்கு இரண்டு பாஷையும் தெரியும். ஆரம்பத்தில் குழந்தை இங்கிலீஷில் பேசினால் அவள் கேட்டுக்கொண்டாள், கண்டிக்கவில்லை. சில வருஷங்களில் இங்கிலீஷ் பாடமும் சேர்ந்தது. அன்றியும், அவர்கள் தாய்மொழி கண்டம் முழுவதும் செல்வாக்குள்ள பாஷை. ஆகவே அந்தச் சாட்சி உண்மையில் இருபாஷைப் பள்ளியின் கட்சிக்கே அநுகூலமாயிருக்கிறது.

நம் தேசத்துச் சாட்சியும் உண்டு. ராஜகோட்டையில் காந்தியடிகள் படித்த பள்ளியில், நாலாம் வகுப்பு முதல் பெரும்பாலான பாடங்களை இங்கிலீஷிலேயே நடத்தினார்கள். புதிதாக வந்த க்ஷேத்திர கணிதம் இதனால் தமக்கு இன்னும் கடினமாயிற்று என்று அவர் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். வளர்ந்த சிறுவனுக்கே அப்படியானால், பால்மணம் மாறாத குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

தமிழில் ஒன்று முதல் பத்து வரை பொருள் தெரிந்து எண்ணிய குழந்தை, இங்கிலீஷில் மறுபடி எண்ணக் கற்க வேண்டியதில்லை. பெயர்களைக் கற்றால் போதும். பொருள் தெரியாமல் 'ஒன், டூ' ஒப்புவிக்கும் குழந்தைக்கோ எண்ணுவதே பாக்கி நிற்கிறது.

இவ்விஷயத்தில் சட்டத்தின் துணை குறைவு. 2006-ம் வருஷத்துத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம், இயன்றவரை தாய்மொழியில் போதிக்க வேண்டும் என்கிறது. ஆனால் அது 6 வயது முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியது. அதற்கு முந்திய பருவத்தில் பெற்றோரின் விவேகமே சட்டம்.

'இருபாஷை' என்று பலகை மாட்டியவை எல்லாம் அப்படி ஆகிவிடமாட்டா. ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். "வயிறு வலிக்கிறது" என்று தமிழில் சொன்ன குழந்தையை முதலில் கவனிக்கிறார்களா, திருத்துகிறார்களா? தமிழில் கதை உண்டா, அல்லது அதட்டுவதற்கு மட்டுந்தான் தமிழா? இங்கிலீஷ் சொல்லித் தருகிறவருக்கு அந்தப் பாஷை செம்மையாக வருகிறதா? இம்மூன்றும் திருப்தியானால் யோசனையின்றிச் சேர்க்கலாம்.

அருகில் இங்கிலீஷ் பள்ளி ஒன்றுதான் இருக்கிறது என்றால், வீட்டிலும் இங்கிலீஷ் பேசிப் பழக்கும் உற்சாகத்தை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். இராத்திரிக் கதையும் சாப்பாட்டுப் பேச்சும் தமிழிலேயே நடக்கட்டும். இல்லாவிட்டால், பத்து வருஷத்துக்குப் பிறகு பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே ஒரு துபாஷியை அமர்த்த வேண்டி வரும். அந்தச் செலவைப் பள்ளிச் சம்பளத்தோடு கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.