பென்ஸ் லோகோவுக்கு எவ்வளவு கொடுப்பீங்க?

செஞ்சியில இருந்து ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, ஏழு வருஷ லோன்ல பிக்கப் எடுக்கட்டுமா? ஊருக்குள்ள கெத்தா இருக்கும்."

மெர்சிடிஸ் பென்ஸ் கதையைச் சொன்னேன். 2017-ல எக்ஸ் கிளாஸ்னு டீசல் பிக்கப் அறிமுகப்படுத்தினாங்க. அடிப்படை நிசான் நவாராதான். தயாரிச்சதும் நிசானோட பார்சிலோனா ஆலையில. விலை மட்டும் பென்ஸ் விலை. எதிர்பார்த்த அளவு விக்கல. 2020 மே மாசத்தோட உற்பத்தியை நிறுத்திட்டாங்க.

லோகோவுக்குக் கொடுக்கிற காசு திரும்பி வராது. தொழில் பண்றவங்க வண்டித் தேய்மானத்தை வரிக் கணக்குல செலவா காட்டலாம். நம்ம சம்பளத்துல அதுக்கு வழியில்லை. மல்லாட்டை மூட்டை ஏத்தி வண்டி சம்பாதிக்கும்னா தாராளமா எடுங்க. கெத்துக்கு மட்டும்னா, அந்த இஎம்ஐ பணத்தை எஸ்ஐபி-ல போடுங்க.