வாயைத் திறந்து பார்க்காத பரிசோதனை

"பிள்ளை பெத்தா பல்லு போகத்தான் செய்யும்." காலனிகளில் கர்ப்பிணிகளைச் சந்திக்கும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பல் விளக்கும்போது ரத்தம் வந்தாலும் ஈறு வீங்கினாலும் வெளியே சொல்வதில்லை. சொன்னாலும், "மாசமா இருக்கும்போது பல்லுல கை வைக்கக் கூடாது" என்று பெரியவர்கள் தடுத்துவிடுகிறார்கள். இரண்டு பேச்சுமே தவறு.

கர்ப்பத்தில் ஹார்மோன்கள் கூடுவதால், பல்லில் படியும் அழுக்குக்கு ஈறு வழக்கத்தைவிட அதிகமாக வீங்கும், ரத்தம் கசியும். ஆரம்பத்திலேயே சுத்தம் செய்தால் சரியாகிவிடும். விட்டுவிட்டால் நோய் முற்றி, பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். பல் ஆடி விழும். பிள்ளையா பல்லைக் கொண்டுபோகிறது? கவனிப்பு இல்லாததுதான் கொண்டுபோகிறது. பல்லைச் சுத்தம் செய்வது, சொத்தையை அடைப்பது, தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டுப் பிடுங்குவது என எல்லாமே கர்ப்பத்தில் செய்யக்கூடியவைதான். நான்கு முதல் ஆறு மாதம் வரை அதற்கு வசதியான காலம். கர்ப்பமாக இருப்பதை மட்டும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளை அவர் தவிர்ப்பார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்க்கிறார்கள். ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர் பார்க்கிறார்கள். நாங்கள் வேலை செய்யும் ஊர்களில், "வாயைத் திறம்மா" என்று சொன்னவர்களை நாங்கள் பார்த்ததில்லை. பல் மருத்துவர் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இல்லை. இருக்கும் இடத்துக்குப் போக ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு தனி.

இதில் சாதியும் இருக்கிறது தோழர்களே. நம் எச்சிலைத் தீட்டு என்று சொன்ன சமூகம் இது. இரட்டைக் குவளைக்குப் பின்னால் இருப்பது நம் வாயின் மீதான அருவருப்பு. பல் மருத்துவமோ வாய்க்குள் கைவிட்டுப் பார்க்கிற மருத்துவம். எட்ட நின்று மாத்திரை நீட்டும் கைகளைப் பார்த்து வளர்ந்த பெண், தானாக வாயைத் திறந்து வலியைக் காட்டுவாள் என்று எப்படி எதிர்பார்ப்பது? கேட்க வேண்டியது அரசு மருத்துவமனையின் கடமை.

ஈறு நோய்க்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால், கர்ப்பத்தில் ஈறு சிகிச்சை செய்தால் குறைப்பிரசவம் குறையும் என்பது நிரூபணமாகவில்லை. அதனால் என்ன? குழந்தைக்குப் பலன் உண்டா என்று கணக்குப் பார்த்துத்தான் தாய்க்கு வைத்தியம் செய்ய வேண்டுமா? அவள் வலியில்லாமல் சோறு தின்பதே போதுமான காரணம்.

ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடத்தும் மத்திய அரசுத் திட்டம் 2016 முதல் இருக்கிறது. அந்த நாளில் வாய்ப் பரிசோதனையும் வேண்டும்; பல் மருத்துவர் வர வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். அதற்கு முன், உங்கள் தெருவில் இருக்கும் கர்ப்பிணி அக்காவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பல் விளக்கும்போது ரத்தம் வருதாக்கா?"