குப்பைமேட்டுப் பூங்கா: ஒரு வாத்தியாரின் ஆட்சேபம்



நம் பழைய மாணவர் குழுவில் நேற்று ஒரு படம் சுற்றியது. எங்கோ ஒரு ஊரில் பழைய குப்பைமேட்டை மண் போட்டு மூடி, மரக்கன்று நட்டு, பெஞ்சு போட்டிருக்கிறார்கள். "வலம்புரிவிளையிலும் இப்படிச் செய்துவிட்டால் தீர்ந்தது சார்" என்று ஒரு பிள்ளை எழுத, எல்லோரும் கைதட்டினீர்கள். நான் கைதட்டவில்லை. காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலம்புரிவிளைக்குப் பெயர்தான் உரக்கிடங்கு. அது எத்தனை தடவை புகைந்தது என்று பக்கத்துத் தெருக்காரர்களைக் கேளுங்கள். அங்கே பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலையை மாநகராட்சி எடுத்தது. அதுதான் சரியான வரிசை. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் அதையே சொல்லியிருந்தன: முதலில் பிரிக்க முடியுமா பார், முடியாவிட்டால் முறைப்படி மூடு. இந்த "மூடு" என்பதைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மண்மூடி என்பது கூரை. மழை உள்ளே இறங்கினால் குப்பை ஊறி, கறுத்த சாறாகிப் பக்கத்துக் கிணற்றுக்குப் போகும். ஊறிய மேடு சரியவும் செய்யும். கொழும்பில் மீத்தொட்டமுல்ல குப்பைமலை 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், வீடுகள்மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த 2016 விதிகள் கேட்ட கூரை இது: கீழே 60 செ.மீ. தண்ணீர் புகாத களிமண், அதன்மேல் 15 செ.மீ. வடிகால் அடுக்கு, அதற்கும் மேலே செடி வளர 45 செ.மீ. மண். இந்த மேல்மண் அழகுக்கு இல்லை. கும்பப்பூ அறுத்தபின் நம் வயல் எப்படிப் பாளம் பாளமாக வெடிக்கும்? மூடிய களிமண்ணும் வெயில் பட்டால் அப்படித்தான் வெடிக்கும். அடுத்த மழை அந்த வெடிப்பு வழியே நேராகக் குப்பைக்குள் போகும். புல்லும் மேல்மண்ணும் அதற்கு நிழல்.

"அமெரிக்காவில் களிமண்ணே இல்லாமல் செய்கிறார்கள்" என்று ஒரு இன்ஜினியர் பிள்ளை எழுதியிருந்தான். உண்மைதான், வறண்ட மேற்குப் பகுதிகளில் செய்கிறார்கள். ஆழமான மண் மழையைப் பிடித்துவைக்கும். அடுத்த மழைக்குள் செடிகள் அதை உறிஞ்சி ஆவியாக்கிவிடும். மகனே, நம் ஊரில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் எதனால்? இடவப்பாதியில் நனைந்த மண் நன்றாகக் காயும் முன்னே துலாமழை வந்துவிடுகிறது. அந்த வடிவத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கூரை ஒழுகும்.

இனி மரக்கன்று. மக்கும் குப்பையிலிருந்து மீத்தேன் வரும். அது மண்ணிலுள்ள காற்றைத் தள்ளிவிடும், வேர் மூச்சுத் திணறும். கன்று வாடினால் தண்ணீர் ஊற்றவில்லை என்று தோட்டக்காரரைத் திட்டுவார்கள், பாவம். தப்பிப் பிழைத்த மரமும் 45 செ.மீ. மண்ணில் எதைப் பிடித்து நிற்கும்? 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அன்று நம் மாவட்டத்தில் மரங்கள் வேரோடு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு விழுந்ததைப் பார்த்தோம். குப்பைமேட்டில் ஒரு மரம் அப்படி விழுந்தால் கூரையில் ஒரு ஓட்டை. மரம் கட்டாயம் வேண்டுமென்றால் அந்த இடத்தில் தனியாக மண்ணை உயர்த்த வேண்டும். மற்ற இடத்தில் அருகம்புல் போதும். ரப்பர் தோட்டங்களில் இளங்கன்றுகளுக்கு இடையே படரவிடும் பயறுக்கொடியும் மண் அரிப்பைத் தடுக்கும். வாயு வெளியேறக் குழாய் வேண்டும். மேல்மண்ணில் நல்ல மக்குரம் கலந்தால், மீத்தேனைத் தின்னும் நுண்ணுயிர்கள் அங்கே குடியேறும் என்பது கூடுதல் லாபம்.

சரி, மண் எங்கிருந்து? கணக்குப் போடுங்கள். மூன்று அடுக்கும் சேர்ந்து 1.2 மீட்டர். ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 4,850 கனமீட்டர். ஒரு டிப்பரில் 10 கனமீட்டர் என்றால் 485 லோடு, அதுவும் ஒரே ஏக்கருக்கு! குப்பையை மூட ஒரு மலையை உடைப்போமா, இருக்கிற வயலைத் தோண்டுவோமா? இதனால்தான் முதலில் சலித்துப் பிரி என்கிறேன். மூடவேண்டிய பரப்பு குறையும். சலித்து வரும் நுண்மண்ணில் ஈயம், காட்மியம் இருக்கிறதா என்று சோதித்து, தேறினால் அதையும் பயன்படுத்தலாம். சோதிக்காமல் மேலே பரப்புவதை ஏற்க மாட்டேன்.

படத்தில் வராத வேலை ஒன்று இருக்கிறது. குப்பை மக்க மக்க மேடு அமிழும், பள்ளம் விழும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். வருஷா வருஷம் ஓடு மாற்றுகிற மாதிரி மண் நிரப்பிச் சரிவைச் சரிசெய்ய வேண்டும். மூடியபின் குறைந்தது 15 வருஷம் கவனிக்க வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லியிருந்தன. பூங்காவைத் திறந்துவைப்பவர்கள் அந்த 15 வருஷத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று ஒருவராவது கேட்டீர்களா?

ஜூன் 5 வந்தால் யாராவது கன்று நட என்னைக் கூப்பிடுவீர்கள், தெரியும். குப்பைமேட்டுக்கு என்றால், முதலில் அடுக்குகளின் வரைபடத்தையும் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை முடிவையும் கொண்டுவந்து காட்டுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அருகம்புல் கட்டையை நானே சாக்கில் கட்டிக்கொண்டு வருகிறேன்.